சாட்டர்ஜி பாபு திருத்திய பக்கம்

வெளியாள் ஒருவரை ஆலோசனைக்கு அழைப்பதென்றால், வேலையின் எல்லை என்ன, எத்தனை காலம், யாரிடம் அறிக்கை தர வேண்டும் என்பதையெல்லாம் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே எழுத்தில் தந்துவிட வேண்டும். இது விதி. அரசு நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்த விதியை மீறி மேசைக்கு வந்த கோப்புகளை ஒன்றுவிடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கொல்கத்தாவிலிருந்து எனக்கு வந்த அழைப்போ வாட்ஸப்பில் ஒரே வரி: "மாமா, உடனே வாங்க, பூஜைக்கு முன்னால எல்லாம் முடியணும்." பூஜை என்றால் அங்கே துர்கா பூஜை; 'எல்லாம்' என்றால் என்ன என்று கேட்டேன். மஞ்சள் முகம் ஒன்று பல்லைக் காட்டியபடி பதிலாக வந்தது. பாளையங்கோட்டையில் பெட்டியைக் கட்டினேன்.

அழைத்தவள் என் தங்கை காந்திமதியின் மகள் வித்யா. தங்கையின் புகுந்த வீட்டார் சில தலைமுறைகளாகக் கொல்கத்தாவாசிகள், எல்லாரும் வங்கிக்காரர்கள். வித்யா மட்டும் வங்கிக்குப் போகவில்லை. சால்ட் லேக்கில், ஐந்தாம் செக்டரில், அர்ணவ் என்ற நண்பனோடு சேர்ந்து சின்ன அலுவலகம் போட்டிருக்கிறாள். இருவரும் வடிவமைப்பது விற்பனைப் பிரதிநிதிகளுக்கான ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி. ஒருவர் ஓர் ஆலைக்குப் பம்பு விற்கப் போகிறார் என்றால், முன்கூட்டியே ஆலையின் பெயரை அதனிடம் சொல்ல வேண்டும். அது ஆலையின் ஆண்டறிக்கை, டெண்டர் அறிவிப்புகள், செய்திகள், முன்பு போய்வந்தவர்களின் குறிப்புகள் எல்லாவற்றையும் படித்துவிட்டு, தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரு பக்கத்தில் சுருக்கித் தரும். விற்க வருகிறவர்களை ஆயுள் முழுக்கக் காக்கவைத்தவன் என்ற தகுதியில், மேசையின் மறுபக்கம் எப்படி நினைக்கும் என்று சொல்ல நான் தேவைப்பட்டேன்.

டாக்குரியா வீட்டில் முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போதே காந்திமதி விஷயத்தை உடைத்தாள். சொதியும் இஞ்சித் துவையலும் திருநெல்வேலியில் கிடைப்பதைவிட நன்றாக இருந்தன. அதைச் சொல்லக்கூட அவள் இடம் தரவில்லை.

"ஒரே ஒரு பம்பு கம்பெனிதான் இதைச் சோதிச்சுப் பாக்கோம்னு வாங்கியிருக்கு அண்ணே. அவங்க வேண்டாம்னுட்டா ஆஃபீஸ மூடிருவா. பெங்களூருல வேலைக்கு லெட்டர் வந்து கெடக்கு. இவ சேக்காளிய எல்லாம் போயாச்சு. இவளும் போயிட்டான்னா இந்தத் தெருவுல எங்கள மாதிரி கிழடுகட்டைதான் மிச்சம்."

"மா, சுப் கொரோ," என்றாள் வித்யா. வாயை மூடு என்பதை வங்காளியில் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வராது என்ற நம்பிக்கை அவளுக்கு. பிறகு என்னிடம், "நான் இங்கயேதான் இருக்கணும் மாமா. அதான் உங்கள வரச் சொன்னேன்," என்றாள். வேலையின் எல்லை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை, அவள் முன்னதாகப் போய்விட்டதால், நானே போகிறேன் என்று டாக்குரியா நிலையத்தில் வந்து நின்ற முதல் ரயிலில் ஏறினேன். ஏறிய பிறகுதான் பெட்டி முழுக்கப் பெண்கள் என்று கண்டேன். பெட்டி மட்டுமல்ல, ரயிலே அவர்களுடையது. ஒழுங்குமுறை அறிந்தவன் அந்த நிலையில் செய்யக்கூடியது எதுவுமில்லை, ரயில் நகர்ந்துவிட்டது. பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தாதூ, பாலிகஞ்சுல இறங்கிடுங்க. அதுவரைக்கும் இங்க உக்காருங்க," என்றார். தாதூ என்றால் தாத்தா; தங்கை வீட்டுக்கு வந்துபோன பழக்கத்தில் வங்காளி எனக்குக் கேட்டால் புரியும், பேச வராது. எதிரில் இருந்தவள், "ஆம்பளைக்கு எதுக்கு இடம்?" என்றாள். "இவரெல்லாம் ஆம்பளைக் கணக்கில சேர்த்தியா?" என்றார் பூக்கூடை. பெட்டியே சிரித்தது. எங்கள் ஊரில் என்றால் அபராதம் கட்டியிருப்பேன். இங்கே அடுத்த நிலையம் வரை உட்கார இடமும், இறங்கும்போது வழியனுப்புதலும் கிடைத்தன.

அடுத்த ரயில் பிடித்துச் சியால்தா, அங்கிருந்து மெட்ரோ. பூமிக்கடியில் புகுந்து சால்ட் லேக்கில் வெளிச்சத்துக்கு வருகிறது. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, தேடிப்பார்த்தேன். ஐந்தாம் செக்டரில் இறங்கி விலாசம் கேட்டதுதான் தாமதம், டீக்கடை வாசலில் ஒரு விவாதம் தொடங்கிவிட்டது. ஒருவர் இடது என்றார், ஒருவர் வலது என்றார். மூன்றாமவர் அந்தக் கட்டடம் கட்டப்பட்டிருக்கவே கூடாது என்றார். கடைசியில் விவாதத்தில் தோற்றவர் என்னோடு கட்டட வாசல் வரை நடந்து வந்தார். தோல்வியை இத்தனை மரியாதையாக ஏற்கும் ஊரை நான் பார்த்ததில்லை.

அலுவலகத்தில் அர்ணவ் "வாங்க மாமா" என்று எழுந்து நின்றான். வங்காளியிலும் தாய்மாமன் மாமாதான். கருவிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆரம்பித்த நாளிலிருந்து அதைப் பற்றிச் சண்டை போடுவதாக இருவரும் பெருமையோடு சொன்னார்கள். நான் வேலைபார்த்த நிறுவனத்தைப் பற்றிக் கருவியிடம் கேட்கச் சொன்னேன், மடக்கிவிடலாம் என்ற எண்ணத்தில். வந்த பக்கத்தைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். எந்தப் பொருளை எப்போது வாங்குவார்கள், கோப்பு எந்த மேசைகளைத் தாண்டும், நிதியாண்டின் முடிவில் ஏன் அவசரப்படுவார்கள் எல்லாம் இருந்தன. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடிக்கும்.

"எங்கேருந்து எடுத்தது இதை?"

"எல்லாம் பொதுவில இருக்கிறதுதான் மாமா," என்றான் அர்ணவ். "ஆதாரத்தைக் கீழே போட்டா பக்கம் பார்க்க அசிங்கமா இருக்கு. மறைச்சு வச்சிருக்கோம்."

ஆதாரத்தை மறைத்து வைப்பதற்கு எங்கள் துறையில் வேறு பெயர் உண்டு. விருந்தாளி என்பதால் சொல்லவில்லை. மதியம் வீட்டிலிருந்து அர்ணவின் அம்மா கொடுத்தனுப்பிய வாழைப்பூக் கறியைச் சாப்பிட்டேன். நாம் பருப்பைப் போட்டு உசிலியாக்குகிற பூவை அவர்கள் உருளைக்கிழங்கும் கரம்மசாலாவும் சேர்த்து வேறு பிறவி எடுக்கவைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் விடியலில் காந்திமதி என்னைக் காளிகாட்டுக்கு இழுத்துப் போனாள். மெட்ரோவிலிருந்து கோவில் சந்துக்குள் திரும்புவதற்குள் பண்டா என்ற பூசைத் தரகர் ஒருவர் என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "வாங்க சாமி, திருநெல்வேலியா மதுரையா?" என்று தமிழில் ஆரம்பித்தார். விற்பனை ஆராய்ச்சி என்ற துறையே இந்தச் சந்தில்தான் பிறந்திருக்க வேண்டும்.

சோதனையின் முக்கியமான நாள் அதற்கு மறுநாள். பம்பு கம்பெனியின் பிரதிநிதி தபன், ஹூக்ளிக் கரையில் வடக்கே இருக்கும் ஒரு சணல் மில்லுக்குப் போகிறார், கூடவே நான். அண்ணன் முறைக்கு 'தாதா' என்பதும் பெயரோடு 'தா' சேர்ப்பதும் அந்த ஊர் வழக்கம் என்பதால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் தபன்தா. ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, மணியான குரல். பேட்டை பூஜைப் பந்தலில் ஆண்டுதோறும் கவிதை சொல்லிப் பரிசு வாங்குபவர். கவிதையை மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு, கையசைத்துச் சொல்வது அங்கே ஒரு கலை. நாம் பாட்டுக் கச்சேரிக்குப் போவதுபோல் அவர்கள் அதற்குப் போகிறார்கள். மில்லைப் பற்றிக் கருவி தந்த பக்கத்தைத் தபன்தா ரயிலில் கண்ணை மூடியபடி முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்கலாம்.

மில்லின் கொள்முதல் அதிகாரி சாட்டர்ஜி பாபு, வாங்க உட்காருங்க என்றார். டீ வந்தது. அங்கே முதல் டீ முடியும்வரை யாரும் வியாபாரம் பேசுவதில்லை. வெள்ளம், கால்பந்து, மகனின் படிப்பு, யார் வீட்டு இலிஷ் மீன் ருசி என்று போகும். இரண்டாவது டீ வந்தால்தான் காரியம் ஆரம்பித்ததாக அர்த்தம். தபன்தா முதல் டீயோடு எழுந்து நின்றார். கண்ணை மூடினார். வலது கையை லேசாக உயர்த்தினார்.

"பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் உங்கள் பம்பு சென்ற மழையில் நின்றது. புதிய பம்புக்கு டெண்டர் கூப்பிட்டீர்கள், ரத்து செய்தீர்கள். மறுபடி கூப்பிட்டீர்கள், மறுபடி ரத்து செய்தீர்கள். விவரக்குறிப்பை மாற்றினீர்கள்..."

பக்கம் முழுவதையும் ஒப்பித்தார். ஒரு சொல் தவறவில்லை. 'ரத்து' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது.

சாட்டர்ஜி பாபு கோப்பையைக் கீழே வைத்தார். "யார் சொன்னது இதெல்லாம்?"

"ஒரு கருவி, தாதா. செயற்கை நுண்ணறிவு."

"கருவிக்கு யார் சொன்னது?" கேட்டுவிட்டு அவர் பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார். அங்கே அவருடைய உதவியாளர் பிஸ்வாஸ் ஒன்றும் அறியாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கெட்டிலோடு வாசலுக்கு வந்த டீக்காரரைச் சாட்டர்ஜி பாபு ஒரு விரலசைவில் திருப்பி அனுப்பினார். சந்திப்பு முடிந்தது.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அன்று மாலைக்குள் யார் கசியவிட்டது என்று விசாரணைக் குறிப்பு எழுதியிருப்பேன். நாற்காலியில் இருக்கிறவனுக்குத் தெரிந்த உலகத்தில், ஒரு தகவல் வெளியே போனால் ஒரு மனிதன் வழியாகத்தான் போகும். மில்லே தன் இணையதளத்தில் போட்ட அறிவிப்புகளிலிருந்து எடுத்தது என்று தபன்தா சொல்லிப்பார்த்தார். அந்த அறிவிப்புகளைப் போட்டவர்களே யாரும் அவற்றைப் படிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

திரும்பும் ரயிலில் தபன்தா கேட்டார்: "உச்சரிப்பில ஏதாவது தப்பா மாமா?"

நாங்கள் சியால்தா வந்து சேர்வதற்குள் சாட்டர்ஜி பாபு பம்பு கம்பெனியின் விற்பனைத் தலைவர் கோஷுக்குப் பேசிவிட்டார். கோஷ் வித்யாவுக்குப் பேசிவிட்டார். "அந்த மில் எங்களுக்குப் பழைய வாடிக்கை. அதைச் சரி பண்ணிட்டு வா, இல்லேன்னா உன் கருவியை எடுத்துக்கிட்டுப் போயிடு." வித்யா அதை எங்களுக்குச் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மேசையில் கிடந்த பெங்களூர் கடிதத்தை ஒரு புத்தகத்தின் அடியில் தள்ளிவைத்ததைப் பார்த்தேன்.

நான் என் தீர்வை முன்வைத்தேன். கோப்பில் குறிப்பு எழுதுவதுபோல், ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரம், பக்க எண், தேதி, சுருக்கொப்பம்.

"ஆதாரம் சரி," என்றான் அர்ணவ். "சுருக்கொப்பம் யார் போடுவாங்க மாமா? கருவியா?"

வித்யா கடலை தூக்கலாகக் கேட்டு வாங்கிய ஜால்முடி என்ற காரப் பொரியைக் காகிதக் கூம்பிலிருந்து தின்றுகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "மாமா, உங்க ஆஃபீஸப் பத்தி எழுதின பேப்பர ஒருத்தன் உங்ககிட்டயே நீட்டினா என்ன பண்ணியிருப்பீய?"

"படிச்சிருப்பேன்."

"அப்புறம்?"

"தப்பு இருந்தா திருத்தியிருப்பேன்."

"தப்பு இல்லாட்டி?"

"இருக்கும்."

அவள் கூம்பைக் கசக்கிவிட்டு எழுந்தாள். "அவ்வளவுதான் மாமா. பக்கத்த நம்ம ஆள் படிச்சு ஒப்பிக்கக் கூடாது. அவங்க கையிலயே குடுத்துரணும்."

எதிராளியைப் பற்றிச் சேகரித்ததை எதிராளியிடமே காட்டுவது எந்த நடைமுறையிலும் இல்லை என்றேன். எல்லாம் அவங்க போட்ட அறிவிப்புதானே, இதுல என்ன ரகசியம் என்றாள். இரண்டு நாளில் பக்கத்தின் உருவமே மாறிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் கீழே அது எங்கிருந்து வந்தது என்று சிறிய எழுத்தில் இருந்தது. கருவிக்கே உறுதியில்லாத வரிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். ஓரத்தில், யாரைப் பற்றிய பக்கமோ அவரே திருத்தி எழுத வெற்றிடம். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று மஞ்சளடித்துக் காட்டும் ஆலோசகரை என் பணிக்காலத்தில் நான் சந்தித்ததில்லை.

இந்தமுறை வித்யாவும் வந்தாள். ரயிலிலிருந்து இறங்கி டோட்டோ என்ற பேட்டரி ரிக்‌ஷாவில் ஏறியதும் மழை கொட்டியது. மில்லுக்குப் போகும் சாலை குளமாகி, டோட்டோ நடுவில் நின்றுபோனது. ஓட்டுநர் இறங்கித் தள்ளினார், தபன்தா தள்ளினார், எதிரே சைக்கிளில் வந்தவர் கேட்காமலே சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து தள்ளினார். "பம்பு விக்கப் போறீங்களா? முதல்ல இந்தத் தெருவுக்கு ஒண்ணு வித்துட்டுப் போங்க," என்றார் அவர்.

சாட்டர்ஜி பாபு முழங்கால்வரை நனைந்த எங்களைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. வித்யா வங்காளியில் பேசினாள். அந்த மொழியில் அவள் வேறு பெண், நிதானமும் தைரியமும் உள்ளவள். "உங்க மில்லைப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான், சாட்டர்ஜி பாபு. ஒவ்வொண்ணும் எங்கேருந்து வந்துச்சுன்னு கீழே இருக்கு. மஞ்சள் எல்லாம் எங்களுக்கே சந்தேகம்." கைக்கணினியை மேசையில் அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் தொடக்கூட இல்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிஸ்வாஸின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறார் என்று தோன்றியது. மில்லின் சொந்த அறிவிப்புகளைத் தவிர ஒன்றும் இல்லை என்று கண்டதும் முகத்தில் ஏதோ தளர்ந்தது. ஒரு வரியில் விரல் நின்றது.

"தப்பு. ரெண்டாவது டெண்டரை நாங்க ரத்து செய்யல. ஒத்திவச்சோம். ரெண்டும் ஒண்ணா?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எப்படி ஒண்ணாகும்? ரத்து பண்ணினா மறுபடியும் மேலிடத்து அனுமதி வேணும். ஒத்திவச்சா பழைய அனுமதியே போதும்," என்றேன் ஆங்கிலத்தில்.

சாட்டர்ஜி பாபு முதன்முறையாக என்னைப் பார்த்தார். "நீங்க?"

"கொள்முதல். ஓய்வு."

"பிஸ்வாஸ்!" என்று கத்தினார். "இன்னும் ரெண்டு நாற்காலி கொண்டாப்பா!"

அதன்பிறகு நடந்ததை விற்பனை என்று சொல்ல முடியாது. டீ வந்தது. இரண்டாவது டீ வந்தது. சிங்காடா வந்தது, நம் சமோசாவுக்குள் காலிஃபிளவரும் கடலையும் வைத்தால் அதுதான். சாட்டர்ஜி பாபு ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பக்கத்தைத் திருத்தினார். பிஸ்வாஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அது போன வருஷம் இல்ல தாதா, அதுக்கு முந்தினது," என்றார். இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். பழைய பம்பு ஏன் நின்றது, ஆற்றுச் சேறு எப்படி உள்ளே புகுந்தது, எந்த மாதிரிப் பம்பு இந்தக் கரைக்குத் தாங்காது என்றெல்லாம் மஞ்சள் வரிகள் ஒவ்வொன்றாக வெள்ளையாயின. டெண்டர் ரகசியம் ஒன்றுகூட வெளிவரவில்லை. நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், சாட்சி சொல்வேன். தபன்தா வாய் திறக்கவே இல்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவர் நெற்றி வியர்வையில் தெரிந்தது.

எழும்போது சாட்டர்ஜி பாபு சொன்னார்: "டெண்டர் வரும். எல்லாரையும் போல நீங்களும் போடுங்க." பிறகு தபன்தாவின் தோளைத் தட்டி, "அன்னைக்கு நல்லாத்தான் சொன்னீங்க தாதா. விஷயம்தான் பிடிக்கல," என்றார். தபன்தா வீடு திரும்பும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

திருத்திய பக்கத்தை வித்யா கோஷிடம் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். தன் ஆட்கள் பல வருடம் போய்வந்தும் அந்த மில்லைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டதில்லை என்றார். பிறகு, "பார்ப்போம். பூஜைக்கு அப்புறம்," என்றார்.

பந்தல்களுக்கு மூங்கில் நட ஆரம்பித்துவிட்டால் கொல்கத்தாவில் எந்தக் கேள்விக்கும் அதுதான் விடை. குழாய் ரிப்பேரா, கல்யாணமா, கடன் விண்ணப்பமா, பூஜைக்கு அப்புறம். பெங்களூர்க்காரர்களிடம் வித்யாவும் அதையே சொல்லி அவகாசம் கேட்டாள். எந்தப் பூஜை, அது எப்போது முடியும் என்று அவர்களுக்குத் தெரியாததால் ஒப்புக்கொண்டார்கள்.

நான் ஊர் திரும்பினேன். அங்கே துர்க்கை வந்து ஆற்றோடு போனாள். கோஷிடமிருந்து ஒன்றும் வரவில்லை. லட்சுமி பூஜை போனது. முறையான நினைவூட்டல் கடிதம் ஒன்றை நான் எழுதி அனுப்பினேன். வித்யா அதை மேலே அனுப்ப மறுத்துவிட்டாள். "அவரு பார்ப்போம்னு சொல்லியிருக்காரு மாமா. கேட்டா வேண்டாம்னு சொல்லிருவாரு." அதற்குள் பெங்களூர்க்காரர்கள் பூஜை முடிந்துவிட்டதைக் கண்டுபிடித்து, வாரக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். காளி பூஜையின் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே தொலைபேசியில் பேசிய காந்திமதி, மகளின் கம்பளிகளை எடுத்து வெயிலில் போடலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டாள். பெங்களூரில் குளிருமாம். 

அதன்பிறகு ஒருநாள் மத்தியானம் அழைத்தவளும் அவள்தான். "அண்ணே, இவ இங்கனயேதான் இருக்கப் போறா," என்றவள், தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டாள். வித்யா கோஷின் கடிதத்தைப் படித்தாள்: கருவி எங்கள் பிரதிநிதிகள் எல்லாருக்கும் வேண்டும்; அடுத்த வாரம் முதல் ஆரம்பிக்கவும்; சாட்டர்ஜி பாபு தன் பக்கத்தில் இன்னும் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருக்கிறார், உடனே ஆள் அனுப்பவும். பெங்களூருக்கு அவள் அதற்குள் எழுதிவிட்டிருந்தாள். பக்கத்தில் அர்ணவ் கருவிக்கு ஏதோ பெயர் சொல்ல, யாரோ அதை எதிர்த்துக் கூச்சலிடுவது கேட்டது.

விடுமுறை நாளில் கையெழுத்தான கடிதம் செல்லுமா என்று வழக்கம்போல் யோசித்தேன். செல்லும். தனியார் கம்பெனிக்கு அந்த விதி இல்லை. சகோதரிகள் அண்ணன் தம்பிகளின் நெற்றியில் சந்தனம் இட்டு விருந்து போடும் பாய் ஃபோட்டா அன்று, மேற்கு வங்கத்தில் அரசு அலுவலகம் ஒன்றுகூடத் திறக்காத நாளில், கோஷ் தன் தங்கை வீட்டிலிருந்தபடியே அதை அனுப்பியிருந்தார். ஆகவே பதில் வந்த தேதி: காளி பூஜைக்குப் பிந்திய துவிதியை.